எதுவும் நடக்காத நாளின் கடற்கரை

(சென்னையில் கல்லூரி மாணவர்களும் கடலோரக் குப்பங்களைச் சேர்ந்த இளைஞர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு மாவட்டக் கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். நாளிதழ்களில் படம் வந்தது. தொலைக்காட்சியில் பேசினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. எப்படிச் செத்தன, யார் பொறுப்பு என்று நாலா பக்கமும் கேட்டார்கள். நியாயமான கேள்விகள். ஆனால் அவற்றுக்கும் முன்னால் நிற்கிற கேள்வி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் தை, மாசியில் இந்தக் கரையில் செத்த ஆமைகள் ஒதுங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படியிருக்க, இந்த முறை நடந்தது வழக்கத்துக்கு மீறியது என்று எதை வைத்துச் சொன்னோம்?

வைத்துச் சொல்ல ஒரு கணக்கு இருந்தது. 1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடன் இருந்தவர்களும் இரவில் இந்த மணலில் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடத் தொடங்கினார்கள். 1988இல் மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கென்றே ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். பருவம் வந்தால் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே இரவு முழுக்க நடப்பதும், கூடு எத்தனை, செத்த ஆமை எத்தனை என்று குறிப்பதும் அன்று தொடங்கி ஒரு தலைமுறையைத் தாண்டி நடந்து வருகிறது. நடந்தவர்கள் மாறினார்கள். கரை அதே கரை, முறை அதே முறை. அந்த நோட்டுகள் இல்லாவிட்டால் 2025 ஜனவரியில் நம்மிடம் இருந்திருக்கக்கூடியது அதிர்ச்சி மட்டும். அதிர்ச்சியை எந்தத் தீர்ப்பாயமும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். ஒரு கரையைக் காக்க வேண்டுமென்றால் அங்கே எதுவும் நடக்காத நாளில் போய் எழுதி வைக்க வேண்டும். புயல் அடித்த மறுநாள் எல்லோரும் வருவார்கள். சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன், கரையில் ஒன்றும் இல்லை என்று எழுத ஆள் வேண்டும்.

எழுத வேண்டியவை மூன்று. கரையில் வாழும், வந்து போகும் உயிர்கள். அலை கொண்டுவந்து ஒதுக்குகிறவை. கரை எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்ற அளவு. இன்று இவை மூன்றும் மூன்று அலுவலகங்களில் கிடக்கின்றன. ஆமையை வனத்துறை எண்ணுகிறது. குப்பையை மாநகராட்சி அள்ளுகிறது. கடல் அரிப்புக்கு வேறொரு துறை கல் கொட்டுகிறது. மணலில் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே சங்கதி. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில், அலை ஒதுக்கியதைப் படிப்பது. கடலோரம் நடப்பவர்கள் பெரும்பாலும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். நீங்கள் காலடியைப் பாருங்கள். அலை ஏறி நின்ற எல்லையில் சருகும் சிப்பியும் கயிறுமாக ஒரு கோடு வளைந்து வளைந்து போகும். சில அடி மேலே இன்னொரு கோடு, காய்ந்து வெளுத்தது. அதற்கும் மேலே, அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தொடங்குகிற இடத்தில் மூன்றாவது. சென்னைக் கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய ஒரு மீட்டர். கீழ்க்கோடு இன்றைய ஓதம் விட்டது. நடுக்கோடு போன அமாவாசையோ பௌர்ணமியோ விட்டது. மேல்கோடு கடைசியாக அடித்த புயல் விட்டது. மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். சேர்த்து எழுதினால் ஐப்பசி மாதத்துக் குப்பை மாசி மாதக் கணக்கில் ஏறிவிடும்.

இந்தக் கோட்டில் என்ன கிடக்கும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். வடகிழக்குப் பருவமழையில் அடையாறும் கூவமும் பெருகினால் கரை முழுக்க ஆகாயத்தாமரை. அதன் வேர்ச்சடையில் செருப்பு, தெர்மாகோல், மருந்துப் புட்டி, பால் உறை. அது கடல் கொண்டுவந்த குப்பை இல்லை, நகரம் ஆற்றில் விட்டது. மீன்பிடி மும்முரமாக இருக்கும் மாதங்களில் நைலான் வலைத்துண்டும் மிதவையும் கூடும். கணவாயின் உள்ளோடு, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பார்களே, அது ஏதோ ஒரு வாரத்தில் வரிசையாக ஒதுங்கும். அடுத்த வாரம் ஒன்றுகூடக் கண்ணில் படாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன கையோடு பெசன்ட் நகர்க் கரையில் நீல டிராகன்கள் ஒதுங்கின. விரல் நீளம்கூட இல்லாத கடல் நத்தை இனம் அது. நடுக்கடலின் மேற்பரப்பில் மல்லாந்து மிதப்பது. கொட்டும் சொறிகளைத் தின்று அவற்றின் கொடுக்கணுக்களைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வது. காற்று ஆழ்கடலின் மேல்தண்ணீரை எவ்வளவு தூரம் கரைக்குத் தள்ளியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. வெறும் கையால் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கிடந்தால் 'பாட்டில் 1' என்று எழுதிவிட்டு நகர வேண்டாம். கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒட்டிய தாள் பளிச்சென்று இருந்தால் நேற்று மாலை யாரோ வைத்துவிட்டுப் போனது, அல்லது பக்கத்து ஆற்றில் வந்தது. தாள் போய், அடியில் சதைத் தண்டோடு தொங்கும் கொட்டலசுகள் கொத்தாக இருந்தால் அது வாரக்கணக்கில், ஒருவேளை மாதக்கணக்கில், திறந்த கடலில் மிதந்து வந்தது. அந்தக் கொட்டலசுகள் மணலில் ஒட்டா, கரையோரக் கலங்கல் தண்ணீரையும் விரும்பா. மிதப்பதில் ஒட்டிக்கொண்டு வளர்பவை. அவற்றின் ஓடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு காலம் அந்தப் பாட்டில் கடலில் இருந்திருக்கிறது. இரண்டும் பாட்டில்தான். ஒன்று நம் தெருவைப் பற்றிப் பேசுகிறது, மற்றது வங்கக்கடலின் நீரோட்டத்தைப் பற்றி.

பிளாஸ்டிக் குருணைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் சாமான்கள் செய்வதற்கான மூலப்பொருள், சில மில்லிமீட்டர் அளவில் வெள்ளை வெளேரென்று இருக்கும். 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது நீர்கொழும்புக் கரையில் அவை குவியல் குவியலாக ஒதுங்கின. 2025 மே 25இல் கொச்சிக்கு அப்பால் எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. சில நாட்களுக்குள் கன்னியாகுமரி மாவட்டக் கரைகளில் குருணை வந்து சேர்ந்தது. தன்னார்வலர்கள் சல்லடை வைத்துச் சலித்து எடுத்தார்கள். மேலே கிடந்ததை எடுக்கலாம். அடுத்த அலை மணல் போட்டு மூடியதை எடுக்க முடியாது. அது கரைக்குள் புதைந்து கிடந்து, எந்த மாதம் கடல் அந்த மணலை அறுக்கிறதோ அந்த மாதம் திரும்ப வெளியே வரும். அன்று அதைப் பார்க்கிறவர் புதிதாக ஒரு கப்பல் மூழ்கியதோ என்று நினைக்கலாம். அரிப்பின் அளவும் பக்கத்திலேயே எழுதியிருந்தால்தான் அது பழைய குருணை என்பது விளங்கும்.

நடுவில் ஒரு வார்த்தை. கடற்கரையைச் சுத்தம் செய்கிறேன் என்று இயந்திரத்தை ஓட்டி மணலை வாரிச் சலிக்கிற வழக்கம் பெரிய கடற்கரைகளில் வந்துவிட்டது. பிளாஸ்டிக்கை எடுக்க வேண்டும், மறுபேச்சில்லை. ஆனால் அலை ஒதுக்கிய கடற்பாசி, சருகு, செத்த மீன் இவையெல்லாம் மணல் நண்டுக்கும் பூச்சிக்கும் சாப்பாடு. பூச்சியும் நண்டும் உப்புக்கொத்திக்கும் உள்ளானுக்கும் சாப்பாடு. குளிர்காலத்தில் வடக்கே வெகுதூரத்திலிருந்து வரும் பறவைகள் இந்தக் கோட்டை ஒட்டித்தான் ஓடி ஓடிக் கொத்துகின்றன. சமமாக வாரிவிட்ட மணலில் அவற்றுக்கு ஒன்றும் இருக்காது. அடம்பங்கொடியையும் சேர்த்து வழித்துவிட்டால் மணலைப் பிடித்துவைக்கவும் ஒன்றும் இருக்காது. கையால் பொறுக்குவது மெதுவான வேலை. ஆனாலும் கையால்தான் பொறுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி ஆமை. விடியற்காலையில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் ஆமையை அல்ல, அதன் தடத்தை. அலைவாயிலிருந்து மேட்டை நோக்கி டிராக்டர் சக்கரம் ஓடியதுபோல் இரண்டடிக்கு மேல் அகலத்தில் ஒரு தடம் ஏறும், இன்னொன்று இறங்கும். குனிந்து பாருங்கள். இடப்பக்கக் குழியும் வலப்பக்கக் குழியும் மாறி மாறி விழுந்திருந்தால் பங்குனி ஆமை. அது இடம் வலமாக மாற்றி மாற்றித் துடுப்பை ஊன்றி நகரும். இரண்டு பக்கமும் இணையாக விழுந்திருந்தால் பச்சை ஆமையாக இருக்கலாம். அது இரு துடுப்புகளையும் ஒரே நேரத்தில் ஊன்றி உந்தும். ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் மணல் சிறிதாகக் குவிந்திருக்கும். துடுப்பு மணலைப் பின்னுக்குத் தள்ளுவதால், குவியல் எந்தப் பக்கமோ ஆமை அந்தப் பக்கமிருந்து வந்திருக்கிறது. ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்று இப்படித்தான் பிரித்தறிவது.

தடம் மேலே போய் நிற்கும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். பங்குனி ஆமை பின் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடுவை வடிவில் குழி தோண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மூடி, பிறகு தன் உடம்பை இருபுறமும் ஆட்டி ஆட்டி மணலை இடித்து இறுக்கிவிட்டுத்தான் போகும். பழகியவர்கள் ஒரு குச்சியை மெல்ல ஊன்றிப் பார்ப்பார்கள். சுற்றிலும் இறுகிய மணல். குழியின் வாய் இருக்கும் இடத்தில் மட்டும் குச்சி இளகி இறங்கும். அதற்கு மேல் கையால்தான் தோண்ட வேண்டும். முட்டையை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவதென்றால் இட்ட சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், எடுக்கும்போது உருட்டக் கூடாது. நேரம் கடந்தால் கரு ஓட்டின் உள்புறம் ஒட்டிக்கொள்ளும், அதன்பின் திருப்பினால் செத்துப்போகும். அதனால் அனுமதியும் பயிற்சியும் இல்லாதவர்கள் தொடவே கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. உங்கள் வேலை பார்ப்பது, அளப்பது, எழுதுவது, வனத்துறைக்குச் சொல்வது.

சில தடங்களில் குழியே இருக்காது. ஆமை ஏறும், பாதியில் வளையும், இறங்கிவிடும். முட்டையிடாமல் திரும்பிய தடம். நிறையப் பேர் இதை எழுதுவதில்லை, கூடு கிடைக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்தத் தடம்தான் முக்கியம். ஏன் திரும்பியது? மேலே உயர்கோபுர விளக்கு எரிந்திருக்கலாம். நாய் துரத்தியிருக்கலாம். ஆட்கள் செல்போன் வெளிச்சத்தோடு சூழ்ந்திருக்கலாம். அல்லது கடல் மணலை அறுத்துச் செங்குத்தாக ஒரு படி எழுப்பியிருக்கலாம். முழங்கால் உயரம் இருந்தாலே போதும், நாற்பது கிலோ எடையுள்ள அந்த உயிரால் ஏற முடியாது. ஆமைக் கணக்கில் ஒரு கூடு குறைந்ததற்கான காரணம் அரிப்புக் கணக்கில் இருக்கும். இரண்டும் இரண்டு அலுவலகத்தில் இருந்தால் யாருக்கும் தெரியவராது.

செத்து ஒதுங்கும் ஆமைகளுக்கு வருகிறேன். கடலாமை நுரையீரலால் மூச்சு விடுகிற உயிர். இழுவைமடியில் சிக்கி நீருக்கடியில் நெடுநேரம் இழுபட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். செத்த உடல் முதலில் மூழ்கும். அழுகி வாயு சேர்ந்த பிறகே மிதக்கும். காற்றும் நீரோட்டமும் வாய்த்தால் கரை சேரும். இன்று ஒதுங்கிய உடல் சில நாள் முன்பு செத்தது. கடலில் செத்த எல்லாம் ஒதுங்குவதுமில்லை. ஆகவே நாம் எண்ணுவது எப்போதும் உண்மைத் தொகைக்குக் குறைவுதான். அதனால்தான் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் எழுத வேண்டும். வாடை மாறிய வாரத்தில் எண்ணிக்கை குறைந்தால் சாவு குறைந்ததாகக் கொள்ள முடியாது. ஓட்டின் வளைவை ஒட்டி நீளம் அளந்து, படம் எடுத்து, ஓட்டின் மேல் பெயிண்ட்டால் ஒரு அடையாளம் போட்டுவிடுங்கள். இல்லையேல் மறுநாள் வேறொருவர் அதே உடலை இன்னொன்றாக எண்ணுவார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. ஆமைப் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மடி இழுக்கக் கூடாது என்ற தடை இருக்கிறது. மடியிலிருந்து ஆமை தப்பி வெளியேற வழிவிடும் கருவி இருக்கிறது. கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் உண்டு. ஆனால் அது ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. பங்குனி ஆமைகள் இங்கே கரையேறுவது ஜனவரி முதல். தடைக்காலம் வரும்போது முட்டையிடும் பருவம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. இதை மீனவர்கள்மேல் பழியாகச் சொல்லவில்லை. ஃபைபர் படகில் போய் வலை விடுகிற குப்பத்து மீனவருக்கு விசைப்படகு கரையோரம் மடி இழுப்பதால் வலையும் போகிறது, மீனும் போகிறது. ஆமைக்கும் அவருக்கும் நஷ்டம் ஒரே இடத்தில்தான் வருகிறது. கணக்கெடுக்கிறவர்கள் அவரோடு உட்கார்ந்து பேசினால் எந்த இரவு எந்தப் பக்கம் படகுகளின் விளக்கு தெரிந்தது என்று அவர் சொல்வார். அதுவும் நோட்டில் ஏற வேண்டிய செய்தி.

மூன்றாவது, கரையின் அளவு. நம் கிழக்குக் கரையில் மணல் நிற்பதில்லை, நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். வரவு செலவு பார்த்தால் ஆண்டு முடிவில் வடக்கே போவதுதான் அதிகம். இந்த ஓட்டத்தின் குறுக்கே எதை நீட்டினாலும் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் அறுக்கும். இதற்கு உலகத்துக்கே பாடமாகச் சொல்லத்தக்க இடம் நம் சென்னைதான். ஒரு காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெகு அருகிலேயே அலை அடித்துக்கொண்டிருந்தது. 1870களின் நடுவில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவுவதற்குச் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். நாம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நடக்கிற அந்த அகன்ற மணல்வெளி துறைமுகம் கொடுத்தது. கொடுத்த கை எடுக்கவும் செய்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே வரிசையாகக் கரை போயிற்று. வடசென்னையில் கல்சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே படகை ஏற்றி நிறுத்த இடமில்லாத குப்பங்களைப் போய்ப் பாருங்கள். தென்சென்னையின் மாலைக் காற்றுக்கு வடசென்னை தந்த விலை அது.

அதே பாடத்தை 100 ஆண்டுக்குப் பிறகு புதுச்சேரி மறுபடி படித்தது. 1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். நகரத்தின் முன்னால் இருந்த மணற்கரை போனது. கல் கொட்டினார்கள், அரிப்பு வடக்கே தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் குப்பங்களுக்கு நகர்ந்தது. பிறகு கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கி, மணலும் கொட்டியதில் தலைமைச் செயலகத்தின் எதிரே கொஞ்சம் கரை திரும்பி வந்திருக்கிறது. கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவு கேட்டு மீனவ மக்கள் சாலை மறியல் செய்யும்போது எனக்கு மனம் கனக்கும். வீடு கடலில் விழப்போகிறவர்கள் வேறென்ன கேட்பார்கள்? ஆனால் ஒரு ஊருக்குப் போடும் தூண்டில் வளைவு அதற்கு வடக்கே இருக்கும் ஊரின் மணலைப் பிடித்துவைக்கிறது. அடுத்த ஆண்டு அந்த ஊர் மறியல் செய்யும்.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தமிழ்நாட்டுக் கரை ஏறக்குறைய 991 கிலோமீட்டர். அதில் 43 விழுக்காடு அளவுக்கு அரிப்பு. மிகவும் பயனுள்ள கணக்கு. ஆனால் அது பல ஆண்டுகளின் சராசரி. ஒரு கார்த்திகையில் முப்பது அடி போய், பங்குனியில் இருபது அடி திரும்பி வந்த கதை அதில் தெரியாது. மழைக்காலத்துப் பேரலை மணலைக் கரையிலிருந்து இழுத்துக் கொஞ்ச தூரத்தில் கடலுக்கடியில் திட்டாக வைக்கும். கோடையின் மெல்லிய அலை அதையே திரும்பக் கரையில் சேர்க்கும். இந்த மூச்சு வாங்கலைத் தெரிந்துகொள்ளாமல் டிசம்பரில் எடுத்த ஒரு படத்தைக் காட்டிக் கரையே போய்விட்டது என்பதும் தவறு, மே மாதப் படத்தைக் காட்டி ஒன்றும் போகவில்லை என்பதும் தவறு. இரண்டு வகைப் படங்களையும் அவரவர் வசதிக்கு எடுத்துக் காட்டுகிறார்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். நகராத ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள்: மின்கம்பம், கோயில் சுவரின் மூலை. அங்கிருந்து கடலை நோக்கி நேராக டேப் பிடித்து, கொடியும் புல்லும் முடியும் இடம் எத்தனை மீட்டர், அலை ஒதுக்கிய கோடு எத்தனை மீட்டர் என்று குறியுங்கள். கரையின் சரிவையும் அளக்கலாம். 1961இல் கே. ஓ. எமரி என்ற கடலியல் அறிஞர் எழுதிவைத்த முறை இன்றும் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. ஒரே உயரத்தில் இரண்டு கோல்கள், அளவுக் குறி போட்டவை. நடுவே இரண்டு மீட்டர் கயிறு. ஒருவர் மேட்டில் கோலை நிறுத்துவார், மற்றவர் கயிறு இறுகும்வரை கடல் பக்கம் இறங்கி நிற்பார். மேட்டில் இருப்பவர் கீழ்க்கோலின் நுனியும் தொடுவானமும் ஒரே நேர்க்கோட்டில் தெரியும்படி கண்ணை வைத்து, அந்தக் கோடு தன் கோலில் எங்கே வெட்டுகிறது என்று பார்ப்பார். தன் கோலின் நுனியிலிருந்து அந்த இடம் எத்தனை சென்டிமீட்டர் கீழேயோ, தரை அவ்வளவு இறங்கியிருக்கிறது. எழுதிக்கொண்டு, இருவரும் கயிற்றளவு நகர வேண்டும். இப்படியே தண்ணீர் வரைக்கும். கிழக்கே தடையில்லாத தொடுவானம் நமக்கு வாய்த்திருக்கிறது; இரண்டு பள்ளிப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் செய்து முடிக்கலாம். மாதம் ஒரு முறை, ஓதம் வற்றிய நேரம், அதே கம்பத்திலிருந்து. கூடவே அதே இடத்தில் நின்று வடக்கே ஒரு படம், தெற்கே ஒரு படம்.

அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் இதைக் கரை முழுக்கச் செய்கிறார்கள். 362 மைல் கரையை மைல் மைலாகப் பிரித்து, ஒவ்வொரு மைலையும் தன்னார்வலர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். 1993இல் தொடங்கிய ஏற்பாடு. உயிர்கள், ஒதுங்கியவை, அரிப்பு, மனிதர்கள் செய்யும் மாற்றங்கள் எல்லாம் ஒரே அறிக்கையில் வரும். அங்கே 1967ஆம் ஆண்டுச் சட்டம் மணற்கரையைப் பொதுமக்களின் உரிமையாக உறுதிசெய்திருக்கிறது. மக்கள் அதைத் தங்கள் கரை என்று நினைத்துப் போய்ப் பார்க்கிறார்கள். அவர்களைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. நம் கரை நெடுகக் குப்பங்கள் இருக்கின்றன. விடியுமுன்னே கடலைப் பார்த்து, நீவாடு என்கிற நீரோட்டம் எந்தப் பக்கம், காற்று எப்படி, தண்ணீர் கலங்கலா தெளிவா என்று பார்த்துத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற மனிதர்கள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறார்கள். கரையை அவர்கள் தினமும் கண்காணிக்கிறார்கள், எழுதுவதுதான் இல்லை. அந்த அறிவோடு பிள்ளைகளின் நோட்டு சேர்ந்தால் ஒரெகனில் கிடைப்பதைவிட நல்ல பதிவு நமக்குக் கிடைக்கும்.

வந்திருக்கும் மாணவர்களுக்கு நடைமுறையாகச் சில சொல்கிறேன். ஒரு கிலோமீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆசைப்பட்டு ஐந்து எடுத்தவர்கள் மூன்றாம் மாதம் நிறுத்திவிடுகிறார்கள். தொடங்கும் நேரம், ஓதம், காற்று, உடன் வந்தவர் பெயர் நான்கையும் முதல் வரியில் எழுதுங்கள். தெரியாத உயிருக்குத் தெரிந்த பெயரை ஒட்டவைக்க வேண்டாம். 'சிறிய சாம்பல் நிறப் பறவை, கால் கறுப்பு, ஆறு' என்று கண்டதை எழுதினால் பிறகு தெரிந்தவர் யாராவது உப்புக்கொத்தி என்று சொல்வார்கள். தவறாக எழுதிய பெயரைத் திருத்த ஒருவராலும் முடியாது. ஒன்றும் காணாத நாளில் பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். 'ஆமை இல்லை, தடம் இல்லை, செத்தது இல்லை' என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். வெறும் பக்கத்தைப் பார்க்கிறவருக்கு நீங்கள் அன்று போனீர்களா இல்லையா என்பதே தெரியாது.

கடைசியாக, இந்த நோட்டு யாரிடம் இருக்க வேண்டும் என்பது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது, 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டது. உயர் ஓதக் கோடு எது, அதிலிருந்து எத்தனை மீட்டருக்குள் என்ன கட்டலாம் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. அந்தக் கோட்டை வரைபடத்தில் எங்கே இழுக்கிறார்கள் என்பதை வைத்து ஒரு குப்பத்தின் வலை உலர்த்தும் இடம் தப்பும் அல்லது போகும். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மீனவர்கள் எழுந்து 'அலை இதுவரைக்கும் வரும்' என்று கை நீட்டிச் சொல்கிறார்கள்; எதிரே இருப்பவர்கள் வரைபடத்தைக் காட்டுகிறார்கள். தேதி போட்ட, அளவு போட்ட, படம் ஒட்டிய பத்தாண்டு நோட்டு அவர்கள் கையில் இருந்தால் அந்தக் கூட்டம் வேறு மாதிரி நடக்கும். ஆகவே நீங்கள் எழுதுவதை எந்த நிறுவனத்துக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், எந்தச் செயலியில் வேண்டுமானாலும் ஏற்றுங்கள். அதற்கு முன் தாளில் ஒரு பிரதி எடுத்து அந்தக் கரையை ஒட்டிய ஊர்ப் பஞ்சாயத்தில் சேர்த்துவிடுங்கள். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் பெற்றுக்கொள்ளுங்கள்.